பாயாசத்தில் கால் வைத்த காகம்

சிவமயம்

கிளேட்டன்,
மெல்பேர்ண்.
16.08.2011

என் அன்புக்கும் மரியாதைக்கும், உள்ளதைச் சொன்னால் பயத்துக்கும் உரிய நாகலட்சுமி மச்சாளுக்கு, உங்கள் தம்பி பெண்சாதி தனேஸ்வரி எழுதிக்கொள்வது.

பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் மூன்று பேரும் சுகம். சுகம் என்றால், உங்கள் தம்பிக்குத் தடிமன் இருமல், எனக்கு இடுப்புப் பிடிப்பு, மகள் மேனுகா இரண்டு நாளாக என்னோடு கதைப்பதில்லை. மற்றபடி ஒரு குறையும் இல்லை. உங்கள் முழங்கால் நோவும் அத்தானின் பிரஷரும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இறங்காவிட்டால், இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

நேற்று நீங்கள் ரெலிபோன் எடுத்தபோது உங்கள் தம்பி சொன்ன பதில் குசினிக்குள் நின்ற எனக்கும் கேட்டது. "ஓமக்கா, அம்மான்ர ஆட்டைத் திவசம் திறமா நடந்தது. காகம் வந்து வடிவாச் சாப்பிட்டுது." இதில் 'ஓமக்கா' என்பதும் 'காகம் வந்து' என்பதும் மட்டும்தான் உண்மை. மிச்சத்தை ரெலிபோனில் சொல்ல ஏலாது. அவர் பக்கத்தில் நிற்பார். இல்லாவிட்டால் முக்கியமான இடத்தில் ரெலிபோன் காட்டில் காசு முடிந்து அறுந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். மாமியின் செத்தவீடு முடிந்து சனம் எல்லாம் போன பிறகு நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தனேசு, ஆட்டைத் திவசத்தில என்ர அம்மாவுக்கு ஒரு குறையும் வைச்சுப்போடாதை. உன்ர கையால அவ திருப்தியாச் சாப்பிட வேணும்" என்றீர்கள். நீங்கள் அன்றைக்கே பிளேன் ஏறிவிட்டீர்கள், ஆனால் கையை மட்டும் ஒரு வருஷமாக விடவில்லை மாதிரி எனக்குக் கிடக்கிறது. எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்கப்போகிறேன்: மாமி சாப்பிட்டாவா, இல்லையா? மகள் என்ற முறையில் நீங்கள்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

முதலில் நாள் பார்த்த கதை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பது உங்களுக்குத் தெரியும். (அதைச் சபையில் ஒருநாளும் சொல்லிக் காட்டாத பெருந்தன்மை உங்களுடையது, இரண்டு தரம் தவிர.) ஆனால் பஞ்சாங்கம் பார்க்க நானாகவே படித்தேன். இந்தப் பக்கத்தில் யார் வீடு குடிபூருவதென்றாலும் ராகுகாலம் கேட்டு எனக்குத்தான் ரெலிபோன் வரும். வீட்டுக் கணக்கும் கோயில் உபயக் கணக்கும் என் கையால் எழுதுவது, ஒரு கூட்டல் பிழைத்ததென்று ஒருவரும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட நான் போய் ஐயரிடம் திதி கேட்பதா? குசினிச் சுவரில் மயிலில் வீற்றிருக்கிற முருகன் படம் போட்ட கோயில் நாட்காட்டி தொங்குகிறது. என்ன வடிவான முருகன் மச்சாள்! கறி கிண்டிக்கொண்டு நிமிர்ந்தால் என்னைத்தான் பார்த்துச் சிரிப்பார். அதில் ஆடி மாதத்து வளர்பிறைப் பஞ்சமியைத் தேடினேன். பார்த்தால், ஓகஸ்ட் பதினாலு! மாமி போன வருஷம் கண்ணை மூடிய அதே தேதி. திதியும் தேதியும் ஒன்றாக வந்து விழுவது லேசில் நடக்கிற காரியமா? எனக்குப் புல்லரித்துப்போனது. "உங்கட அம்மா உயிரோட இருக்கேக்கையும் நேரம் தவறாதவ, போய்ச் சேர்ந்த பிறகும் தேதி தவறேல்லைப் பாருங்கோ" என்று உங்கள் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதில சனிக்கிழமை எண்டெல்லோ கிடக்கு? பதினாலு ஞாயிறப்பா" என்றார். அதற்கும் என்னிடம் விடை இருந்தது. "உது யாழ்ப்பாணத்துக் கணக்குக்கு அச்சடிச்சது. எங்களுக்கு அங்கையிலும் பாக்க முன்னமே விடியுதெல்லோ? அப்ப ஒரு நாள் கூட்ட வேணும்." அவர் எஞ்சினியர். பாலத்துக்குக் கணக்குப் போடுகிற மனுஷன். ஆனாலும் நான் சொன்ன கணக்கைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார். இருபத்தாறு வருஷமாக நான் பழக்கின பழக்கம்.

இதற்கிடையில், அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை நீங்கள் ரெலிபோன் மெசினில், "தனேசு, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதோ?" என்று ஒரு மெசேஜ் விட்டிருந்தீர்கள். திவசத்துக்கு இன்னும் ஒரு கிழமைக்கு மேலே கிடக்கிறது, மச்சாள் முடிந்ததோ என்று கேட்கிறா. பாவம், கனடாவில் இருந்து இருந்து நாள் கணக்கு மறந்துபோனா என்று உங்களுக்காகப் பரிதாபப்பட்டேன். திருத்திச் சொன்னால் மனம் நோகும் என்று திருப்பி எடுக்கவும் இல்லை.

அடுத்தது காகப் பிரச்சினை. காகம் வாய் வைக்காமல் வீட்டில் ஒருவரும் சோற்றில் கை வைக்கக் கூடாது என்பது நீங்களே எனக்குச் சொல்லித் தந்தது. ஆனால் எங்கள் வீட்டுக்குக் காகம் வராது. பக்கத்து வீட்டு இத்தாலிக் கிழவர் தன் அவரைப் பாத்தியைக் காக்க எங்கள் பின்வேலியில் ஒரு பிளாஸ்ரிக் ஆந்தையை நட்டு வைத்திருக்கிறார். அதன் முழியைப் பார்த்தால் எனக்கே பயம், காகம் என்ன செய்யும்? உங்கள் மெசேஜுக்கு முதல்நாள், நான் வடைக்கு வெள்ளோட்டம் பார்த்த வியாழக்கிழமை மட்டும் காற்றடித்து ஆந்தை விழுந்து கிடந்தது. அன்றைக்குச் சுட்ட வடை கல்லு. எடுத்துப் பின்வேலியடியில் எறிந்தேன். எறிந்த கையோடு எங்கிருந்தோ ஒரு காகம் வந்து ஆந்தையின் தலையில் ஏறி நின்று ஒரு வடையைச் சாப்பிட்டது. இரண்டாவதைக் கொத்திப் பார்த்துவிட்டு, தலையைச் சரித்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டது. "வரவேண்டிய நாளில வாவன், சனியனே! ஓசி வடைக்கு நொட்டை வேறயோ?" என்று விளக்குமாற்றை ஓங்கித் துரத்தினேன். மறுநாளே கிழவர் ஆந்தையைப் பழையபடி நட்டுவிட்டார்.

அப்போதுதான் எங்கள் கோயில் நண்பர் தருமராசா அண்ணை வந்தார். இளைப்பாறின பிறகு முதியோர் நடைக் குழுவில் சேர்ந்து, இந்த மாநிலத்துக் காடெல்லாம் தானே வெட்டித் திறந்த மாதிரிக் கதைக்கிற மனுஷன். "பிள்ளை, ஏன் யோசிக்கிறாய்? மலைக்கு அங்கால மர்டொக் கிறீக் எண்டு ஒரு ஸ்டேட் பார்க் கிடக்கு. பள்ளத்தாக்கு, ஓடுற தண்ணி, பெரிய காடு. போன மாசம் நான் போகேக்கை காகம் இல்லை, காகச் சமுத்திரம்!" ஓடுகிற தண்ணீர் என்றதும் எனக்கு அது மாமியின் சித்தம் என்றே பட்டது. நான் எதையும் யாருடையவாவது சித்தம் என்று சொல்லித்தான் வாழ்க்கையில் இத்தனை கிடங்குகளில் விழுந்திருக்கிறேன்.

சனி இரவு உழுந்து ஊறப்போட்டுவிட்டு வெளியே வந்தால் வானத்தில் முழு நிலவு, தட்டு மாதிரி. உங்கள் தம்பி, "பஞ்சமிக்கு உவ்வளவு நிலவே?" என்றார். "இந்த நாட்டில எல்லாம் பெரிசுதானே" என்று சொல்லி அவரைப் படுக்கப் போகச் சொன்னேன்.

ஞாயிறு காலை பதினொரு கறி. மாமிக்குப் பிடித்த பூசணிக்காய், வாழைக்காய்ப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, பாயாசம், வடை, பால் கோப்பி ஒரு பிளாஸ்க். எல்லாவற்றுக்கும் உப்பை இரண்டு தரம் பார்த்துப் போட்டேன். மாமி இந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க நான் வைத்த எந்தக் கறியையும் நாக்கு நுனியில் வைத்துவிட்டு, "உப்பு ஒரு துளி காணாது" என்றுதானே சொல்லுவா. ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்ன வசனமும் கஞ்சியைப் பற்றி அதுதான். தருமராசா அண்ணையின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு முதலில் மலையடிவாரத்து த பேசின் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். பெரிய ஐயர் அன்று சிட்னி முருகனிடம் போய்விட்டார், சின்ன ஐயர்தான் தர்ப்பணம் செய்து வைத்தார். அவர் சங்கல்பத்துக்குத் திதி பார்க்கத் தன் போனைத் தட்டிவிட்டு, "அம்மா, இண்டைக்கு..." என்று தொடங்கினார். "பஞ்சமி தம்பி. நான் எல்லாம் பாத்திட்டன்" என்றேன். "இல்லையம்மா, இதில..." "பஞ்சமி எண்டு சொல்லுறனெல்லோ, நீங்க மந்திரத்தைச் சொல்லுங்கோ." பிள்ளை போனை மடியில் செருகிவிட்டு மந்திரத்தைச் சொன்னது.

மலை ஏறி இறங்கிப் பள்ளத்தாக்குக்குள் வான் நுழைந்தபோது எனக்கே ஒரு கணம் வாய் அடைத்துப்போனது மச்சாள். ஆகாயத்தைத் தொடுகிற யூகலிப்ரஸ் மரங்கள், அவற்றுக்குக் கீழே ஆள் உயரத்துக்கு மேலே குடை பிடித்த மாதிரிப் பேர்ன் என்கிற பன்ன மரங்கள், அடியில் கிறீக் முணுமுணுத்துக்கொண்டு ஓடுகிறது. வெயில் விழாத இடம். குளிர் எலும்புக்குள் போனது. மாமியின் மேலுலகம் இப்படித்தான் இருக்கும், ஆனால் கம்பளிச் சட்டை வேண்டும் என்று நினைத்தேன். வாங்குமேசையில் வாழையிலையை விரித்துப் படையலைப் போட்டு, சூடம் கொளுத்தி, உங்கள் தம்பி விழுந்து கும்பிட்டு எழும்பினார். பிறகு எல்லாரும் தள்ளி நின்று, "கா, கா" என்று கூப்பிட்டோம். தருமராசா அண்ணையின் குரல் பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. காகச் சமுத்திரத்தில் ஒரு துளியையும் காணோம். மேனுகாதான் மேசைக்குப் பக்கத்துப் பலகையைக் கண்டாள். அதில் வாயில் பாண் துண்டோடு ஒரு பறவைப் படம், அதன் மேலே குறுக்காகச் சிவப்புக் கோடு. "அம்மா, பேர்ட்ஸுக்குச் சாப்பாடு போடக் கூடாதாம். இட்ஸ் த லோ." அவள் இங்கே யூனிவர்சிற்றியில் சட்டம் படிக்கிறாள் என்று உங்களுக்கு நான் பெருமையாக எழுதியது நினைவிருக்கும். அந்தப் பெருமை அன்றோடு முடிந்தது. "எடி, நாங்கள் போடேல்லை. மேசையில வைச்சிருக்கிறம். அது வந்து எடுத்தால் அதின்ர பிழை" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, மேலே கிளையிலிருந்து கூக்கபரா என்கிற கொழுத்த மீன்கொத்தி ஒன்று கல்லு விழுந்த மாதிரி இறங்கி, இலையின் நடுவில் இருந்த வடையை அள்ளிக்கொண்டு போனது. போனால் பரவாயில்லை. கிளையில் இருந்துகொண்டு வடையைக் கொப்பில் அடி அடியென்று அடித்துக் கொன்றுவிட்டு விழுங்கி, பிறகு சிரித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! தொடக்கத்தில் மெல்ல, பிறகு கெக்கட்டம் போட்டு, காடு அதிர. "அம்மான்ர சிரிப்பு மாதிரியே கிடக்கு" என்றார் உங்கள் தம்பி, கண் கலங்கிக்கொண்டு. அம்மாவின் சிரிப்பேதான். நான் இந்த வீட்டுக்கு வந்து முதல்முதல் இடியப்பம் பிழிந்த நாளில் கேட்டது. ஆனால் கூக்கபராவைக் கணக்கில் எடுக்கலாம் என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை. புது வடை வைத்தோம்.

அந்த நேரம் கிறீக் பக்கத்துப் பன்னத்துக்குள்ளிருந்து தெளிவாக, சுத்தமாக, "கா, கா" என்று கேட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு வடையையும் கொஞ்சச் சோற்றையும் இலைத் துண்டில் எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கினேன். "இஞ்சரும், வழுக்கும், நில்லும்!" என்று அவர் கத்தியது காகத்தின் குரலுக்கு முன்னால் எனக்குக் கேட்கவில்லை. பன்னத்தை விலக்கிப் பார்த்தால் அங்கே காகம் இல்லை. மண்ணிறக் கோழி மாதிரி ஒன்று, பின்னால் மயில் தோகை மாதிரி வாலைத் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, காகத்தின் குரலில் கத்துகிறது. கத்தி முடித்துவிட்டுக் கூக்கபரா மாதிரிச் சிரித்தது. பிறகு கிளி மாதிரிக் கீச்சிட்டது. அதற்கு லைர் பேர்ட் என்று பெயராம், காட்டில் உள்ள எல்லாப் பறவையின் குரலையும் பேசுமாம், மேனுகா பிறகு சொன்னாள். எனக்கு அப்போது அதெல்லாம் எங்கே தெரியும்? கோழியும் மயிலும் ஒன்றாய்ச் சேர்ந்தால் எனக்கு யார் நினைவு வரும்? "முருகா!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். சரிவில் நிற்கிறவள் இரண்டு கையையும் விடக் கூடாது. முருகன் ஒரு பக்கம் ஓட, நான் மறுபக்கம் போய்க் கிறீக்குக்குள் இருந்தேன். வடை மிதக்கவில்லை என்பதைக் கவனித்தேன். என் இடக்கால் செருப்பு மிதந்தது. அது இப்போது கடலைச் சேர்ந்திருக்கும்.

நானே என்னைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தால், மேசையடியில் பச்சை உடுப்புப் போட்ட பார்க் காவல் றேஞ்சர் பொம்பிளை ஒருத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறா. நான் அவசரமாக மேனுகாவின் காதுக்குள் சொன்னேன்: "பறவைக்கு எண்டு சொல்லிப்போடாதை. ஆனால் பொய்யும் சொல்லாதை, திவச நாள்." மச்சாள், சட்டம் படிக்கிற பிள்ளைக்கு இப்படி ஒரு கட்டளை கொடுக்கக் கூடாது. றேஞ்சர் கேட்டா, இந்தச் சாப்பாடு யாருடையது என்று. மேனுகா சொன்னாள், என் அப்பம்மாவுடையது. எங்கே அவர்? வந்துகொண்டிருக்கிறா. எந்தப் பக்கத்தால்? அது சரியாகத் தெரியாது. தனியாகவா வருகிறா? சில நேரம் தனிய, சில நேரம் கூட்டத்தோடு. எத்தனை வயது? எண்பத்தொன்று. என்ன உடுப்பு? என் மகள் கிளைகளை அண்ணாந்து பார்த்தாள். "பிளாக்" என்றாள்.

றேஞ்சரின் முகம் மாறிவிட்டது. எண்பத்தொரு வயதுக் கிழவி, இந்தக் குளிரில், இந்தக் காட்டில், கறுப்பு உடுப்போடு! இடுப்பிலிருந்த றேடியோவை எடுத்து யாருக்கோ அறிவித்தா. அந்தப் பக்கம் ஒரு ஆம்பிளைக் குரல் கரகரத்தது. கிறீக் பாதையில் ஆளை அனுப்பட்டுமா என்று கேட்கிறாராம். "நடக்கக் கூடியவவா?" என்று றேஞ்சர் கேட்க, மேனுகா, "தத்தித் தத்தி நடப்பா" என்று சொன்னாள். ஆண்டவனே, என் பிள்ளை வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை! நான் ஈரச் சேலையோடு நடுங்கிக்கொண்டு நின்றேன். றேஞ்சர் அதைத் துக்கம் என்று நினைத்து என் தோளில் ஒரு கம்பளியைப் போட்டு, "நாங்கள் கண்டுபிடிப்போம்" என்றா. கொழும்புக் கந்தோரில் இங்கிலீசில் மினிற்ஸ் எழுதின தருமராசா அண்ணைக்கு இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். "மடம், த லேடி பாஸ்ட் எவே லாஸ்ட் இயர்."

றேடியோவில் ஆம்பிளைக் குரல், திரும்பச் சொல்லும்படி கேட்டது. றேஞ்சர் றேடியோவின் சத்தத்தைக் குறைத்தா. மேனுகா தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் சொன்னாள். றேஞ்சர் இலையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தா. பிறகு, "அப்போ, அவர் சாப்பிடும்வரை நீங்கள் ஒருவரும் சாப்பிடக் கூடாதா?" என்று உங்கள் தம்பியைக் கேட்டா. அவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு நிற்கிற சீனி வருத்தக்காரர். கை நடுங்க, "யெஸ்" என்றார். "பார்க்குக்குள் விட முடியாது. ஆனால் அந்தக் கேற்றுக்கு வெளியே ரோட்டு என்னுடையது இல்லை. அங்கே நடப்பது என் கண்ணில் படாது" என்று சொல்லிவிட்டுப் பாயாசச் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தா. கண்ணில் படாதாம்!

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். கேற்றுக்கு வெளியே என்ன இருக்கிறது தெரியுமா? குப்பைத்தொட்டிகள். காட்டில் பாபகியூ போட்டவர்கள் போகும்போது எறிந்துவிட்டுப் போவது முழுக்க அங்கேதான். தருமராசா அண்ணையின் காகச் சமுத்திரமும் அங்கேதான். தொட்டி விளிம்பெல்லாம் கறுப்பு. அண்ணை போன மாதம் கண்டது காட்டை அல்ல, குப்பையை! வேறு வழியில்லை. ரோட்டுக் கரைப் புல்லில் இலையை விரித்து, மாமியை நினைத்துக்கொண்டு, "கா, கா" என்றோம். காகங்கள் என் பதினொரு கறியைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒன்று மட்டும், கொஞ்சம் வயதானது, தொட்டிக்குள் தலையை விட்டு ஒரு சொசேஜை இழுத்து எடுத்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தது. "ஐயோ, அம்மா சைவமெல்லோ" என்று உங்கள் தம்பி முனகினார். முட்டை வெட்டின கத்தியைக் கூடத் தொடாத மாமி, மச்சாள்! அது நேரே வந்து, சொசேஜை என் சோற்றுக்குப் பக்கத்தில், பூசணிக்காய்க் கறிக்கு மேலே, இலையில் வைத்தது. வைத்துவிட்டு ஒரு காலைத் தூக்கிப் பாயாசத்துக்குள் வைத்தது. தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. பிறகு சொசேஜைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது. சோற்றில் வாய் வைக்கவில்லை.

"முடிஞ்சுது. கால் பட்டால் காணும். திருவடி பட்டிட்டுது" என்றார் தருமராசா அண்ணை. அவருக்கும் பசி. "வாய் வைக்க வேணும் அண்ணை. கால் வைச்சது கணக்கில்லை" என்றார் உங்கள் தம்பி. மேனுகா, "பொருளைக் கொடுத்தாச்சு, அப்பம்மா வாங்கினவ எண்டு காட்ட எவிடென்ஸ் வேணும்" என்று ஏதோ வகுப்பில் படித்ததைச் சொன்னாள். உங்கள் தம்பியின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது, கை நடுக்கம் கூடிவிட்டது. அதைக் கண்டதும் நான், பஞ்சாங்கப் பண்டிதை, தீர்ப்பைச் சொன்னேன்: "மாமி கால் கழுவிட்டா. இனிப் பந்தி. இருங்கோ எல்லாரும்." குப்பைத்தொட்டி வாசத்தில் ரோட்டுக் கரையில் இருந்து எல்லாரும் சாப்பிட்டோம். றேஞ்சருக்கும் கொடுத்தோம். வடை நல்லாயிருக்கிறதாம், ஆனால் உப்பு ஒரு துளி கூடவாம்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. கண்ணை மூடினால் பாயாசத்துக்குள் அந்தக் கால். மேனுகாவோ, தன்னை றேடியோவில் பொய்க்காரி ஆக்கிவிட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். நான் என்னைப் பெரிய கணக்குக்காரி என்று நினைத்தவள். ஆனால் இந்த ஒரு கணக்கை எந்தப் பக்கத்தில் பதிவதென்று தெரியவில்லை. மாமி என் கையால் சாப்பிட்டாவா, இல்லாவிட்டால் மிதித்துவிட்டுப் போய்விட்டாவா? நீங்கள் "கணக்கில்லை" என்றால், வாற அமாவாசைக்குத் திரும்பச் செய்கிறேன். குப்பைத்தொட்டி இல்லாத இடமாகப் பார்த்து. அதை உங்கள் தம்பிக்கு நீங்களே சொல்லுங்கள். என் வாயால் இன்னொரு தரம் "காடு" என்ற சொல் வந்தால் மனுஷன் சந்நியாசம் போய்விடுவார்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கன்னத்தில் கொஞ்சினதாகச் சொல்லுங்கள். உங்கள் எல்லாருக்கும் நோய் நொடி இல்லாமல், நிறை சட்டியும் நிறை மனமுமாக இருக்கப் பிள்ளையாரும் முருகனும், திருப்தியாகிவிட்டாவென்றால் மாமியும், துணை நிற்கட்டும்.

உங்கள் பதிலுக்குப் பயந்து காத்திருக்கும்,
தனேஸ்வரி

பி.கு.: மச்சாள், கடிதத்தை ஒட்டிவிட்டுத் திரும்பக் கிழித்து இதை எழுதுகிறேன். அடுத்த வருஷத்துத் திவசத்தை இப்பவே குறித்து வைப்பம் என்று குசினி நாட்காட்டியை ஆணியிலிருந்து கழற்றினேன். அதற்குப் பின்னால், அதே ஆணியில், இன்னொரு நாட்காட்டி. இந்த வருஷத்தது. தை மாதம் கோயிலில் தந்தபோது அதில் வீடு விற்கிற ஒரு முகவர் கோட்டும் சூட்டுமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷனைப் பார்த்துக்கொண்டு கறி கிண்ட மனம் வராமல் முருகனுக்குப் பின்னால் மாட்டியது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் மாமியின் திதியைப் பார்த்தது போன வருஷத்து முருகனில். மாமி செத்த வருஷத்து நாட்காட்டியில் மாமி செத்த தேதி வராமல் வேறு என்ன வரும்? அதிசயம் என்று புல்லரித்தேனே, மச்சாள்!

இந்த வருஷம் பஞ்சமி ஓகஸ்ட் நாலு, வியாழக்கிழமை. நீங்கள் சரியான நாளில்தான் "முடிஞ்சுதோ" என்று கேட்டிருக்கிறீர்கள். சின்ன ஐயரும் சரி. நிலவும் சரி. அந்த வியாழக்கிழமை இந்த வீட்டில் என்ன நடந்ததென்று மேலே எழுதியதைத் திரும்ப வாசியுங்கள். ஆந்தையைக் காற்று தள்ளி விழுத்தியது சும்மாவா? மாமி வந்தா, ஒரு வடை முழுதாகச் சாப்பிட்டா, என் கையால் சுட்டதை. ஆகவே அமாவாசையும் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். விளக்குமாறு ஓங்கியதற்கு மட்டும் மகள் என்ற முறையில் நீங்கள் ஒரு விளக்குக் கொளுத்தி என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். மர்டொக் கிறீக்கில் பாயாசத்துக்குள் கால் வைத்தது யாருடைய மாமியோ, எனக்குத் தெரியாது. பதினொரு கறியும் அவவுக்குத்தான்.

இரண்டாவது வடையைக் கொத்திப் பார்த்துவிட்டு ஏன் விட்டாவென்று யோசித்தேன். வெள்ளோட்டம்தானே என்று அன்றைக்கு நான் உப்பே போடவில்லை. மாமியேதான், சந்தேகம் வேண்டாம்.